இரண்டு பேர் குறைந்த நூறு

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. இந்த ஃபைலையெல்லாம் நான் மடியில வச்சுக்கிறேன். ராமநாதபுரம் தானே? அப்ப ஒன்றரை மணி நேரம் இருக்கு. இந்த டிரைவர் கிளம்புற லட்சணத்தைப் பாத்தா ரெண்டுன்னு வச்சுக்கங்க.

நான் தலைமையாசிரியர் சார். ஒத்தப்பனையேந்தல் அரசு உயர்நிலைப் பள்ளி. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்பட்டிருந்தா நல்ல விதமாக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பேரு தட்சிணாமூர்த்தி. இருபத்தாறு வருஷம் தமிழாசிரியர். எச்செம் ஆகி இது மூணாவது வருஷம். தமிழாசிரியரா இருந்தப்ப முடி கறுப்பா இருந்துச்சு.

இன்னைக்கு மீளாய்வுக் கூட்டம். மீளாய்வுன்னா வேற ஒண்ணுமில்ல. மாவட்டத்துல இருக்கற எச்செம்களையெல்லாம் ஒரு ஹால்ல உக்கார வச்சு, அதுல யாரை நிக்க வைக்கலாம்னு பாக்கறது. நான் எச்செம் ஆன முதல் வருஷமே நின்னேன். பத்தாம் வகுப்புல முப்பத்தேழு பேர் எழுதி இருபது பேர் பாஸ். ஐம்பத்துநாலு சதவீதம். பெரிய அதிகாரி மைக்கைப் பிடிச்சுக் கேட்டாரு, "தட்சிணாமூர்த்தி சார், தலையா பூவான்னு போட்டுப் பாத்தாலே ஐம்பது வருமே. உங்க ஆசிரியர்கள் பத்துப் பேரும் சேந்து மிச்சம் நாலுதான் சம்பாதிச்சாங்களா?" ஹாலே சிரிக்குது. எனக்கு முன்னாடி நின்ன எச்செம், நாப்பத்தெட்டு சதவீதம் வாங்கினவரு, அவரும் சிரிக்கிறாரு சார்!

நாப்பது நிமிஷம் நின்னேன். சுகர் இருக்கு எனக்கு. அதையெல்லாம் யார் கேக்கறா.

அன்னைக்கே முடிவு பண்ணேன். அடுத்த வருஷம் நூறு. நூறு சதவீதம் வாங்கினா மேடையில கேடயம் குடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. ஒரு தடவை அந்த மேடையில ஏறி, அந்த நாப்பத்தெட்டைப் பாத்துச் சிரிக்கணும். அவ்வளவுதான் சார் என் ஆசை. பேராசையா இது?

நூறு வாங்குறது எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. வெளியாளுங்க எல்லாரும் நினைக்கிறீங்க, எல்லாப் பிள்ளையையும் படிக்க வச்சா நூறு வரும்னு. பாவம். எழுதற பிள்ளைகள்ல எத்தனை பேர் பாஸ்ங்கறதுதான் சதவீதம். அப்ப யார் எழுதறாங்கறதுதானே முக்கியம்? எங்க கணக்கு வாத்தியார் பூபாலனே, "சார், இது பிரமாதமான கணக்கு சார்"னு பாராட்டினாரு.

அந்த வருஷம் பத்தாம் வகுப்புல முப்பத்தாறு பேர். அதுல ஏழு பேர் வர்றதே கிடையாது. வந்தாலும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும். எங்க பக்கம் மானம் பாத்த பூமி. மழை பேஞ்சா மிளகாய், பேயலேன்னா கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடறது. தை மாசம் தொட்டு மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் வேணும். பிள்ளைகளும் போயிரும். நான் அந்த ஏழு வீட்டுக்கும் போன் பண்ணிப் பக்குவமாச் சொன்னேன். "அம்மா, பிள்ளை சிரமப்படுது. இந்த வருஷம் நிம்மதியா வேலையைப் பாக்கட்டும். அடுத்த வருஷம் தனியா எழுதிக்கலாம்"னு. அதட்டல் கிடையாது, மிரட்டல் கிடையாது. ஒரு அம்மா எனக்கு நன்றி கூடச் சொல்லுச்சு. டிசம்பர்ல பரீட்சைக்குப் பேர்ப் பட்டியல் அனுப்பணும். அதுல இந்த ஏழு பேரை விட்டுட்டா இருபத்தொம்பது. இருபத்தொம்பதும் தேறிரும்னு பூபாலன் எழுதியே குடுத்தாரு.

இப்படி எல்லாம் ஒழுங்காப் போய்க்கிட்டிருக்கும்போதுதான் சார், எங்களுக்கு உதவி பண்றோம்னு கிளம்பிட்டாங்க.

ஐம்பத்துநாலு வாங்கினதால நாங்க பின்தங்கிய பள்ளிப் பட்டியல்ல வந்துட்டோம். பட்டியல்ல வந்துட்டா உதவி தானா வரும். வேண்டாம்னாலும் வரும். முதல்ல ஒருத்தர் வந்தாரு, கோட்டு போட்டு, எங்க ஊர் வெயில்ல. பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, கையில நானூத்தித் தொண்ணூறு மார்க் சீட் இருக்கற மாதிரி நினைச்சுக்கச் சொன்னாரு. கண்ணை மூடினதுல பாதி தூங்கிருச்சு. ரெண்டாவது ஒரு குழு. வகுப்பறைக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சா ஞாபகசக்தி வளரும்னு எழுதிட்டுப் போனாங்க. மூணாவது ஆளுங்க பேனரோட வந்தாங்க, பேனரைப் பிடிச்சுப் போட்டோ எடுத்தாங்க, பேனரை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இவங்களால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நல்ல மனுசங்க. டீ, வடை, கையெழுத்து, கிளம்பிருவாங்க.

நாலாவதா வந்ததுதான் சலேத் மேரி.

வட்டார வள மையத்துல ஆசிரியர் பயிற்றுநர். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஸ்கூட்டியில வந்து இறங்குச்சு. "டீ சொல்லட்டுமா டீச்சர்?"னேன். "அப்புறம் சார், முதல்ல பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் குடுங்க"ன்னுச்சு. உதவி பண்ண வர்றவங்க பதிவேட்டையெல்லாம் பாப்பாங்களா சார்?

"சார், முப்பத்தாறு பேர்ல ஏழு பேர் ஆகஸ்ட்ல இருந்து வரலையே. எங்க?"

"வீட்டுல கஷ்டம் டீச்சர். நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்."

"நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரேன் சார்."

போகட்டும், முள்ளுக்காட்டுல ஸ்கூட்டி பஞ்சரானா தானாத் திரும்பிரும்னு நினைச்சேன். சாயங்காலம் திரும்பி வந்துச்சு. செருப்பெல்லாம் கரித்தூள். என் மேசை முன்னாடி நின்னுக்கிட்டே சொல்லுது, "சார், நாகஜோதி வீட்டுக்குப் போனேன். கரிமூட்டத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு பிள்ளை. ஏன் வரலேன்னு கேட்டா, அவங்கம்மா, 'சாருதான் வர வேணாம்னு போன் போட்டாரு'ங்கறாங்க."

"அந்தம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க டீச்சர்."

"ஏழு வீட்டுலயுமா சார்?"

கோவமாக் கேட்டிருந்தா நானும் ஒரு சத்தம் போட்டிருப்பேன். அது சாதாரணமாக் கேட்டுச்சு, மணி என்னன்னு கேக்கற மாதிரி. நான் ஃபைலைப் பாத்தேன்.

ரெண்டு வாரத்துல ஏழு பேரையும் கொண்டாந்து உக்கார வச்சிருச்சு சார். எப்படின்னு கேக்காதீங்க. சில பிள்ளையை ஸ்கூட்டியில கூட்டிட்டு வரும். தினமும் காலையில எட்டேகாலுக்கு சைக்கிள் ஷெட்டுல தனி வகுப்பு. போய்ப் பாத்தா, மூணாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் நடத்துது! பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு! யாராவது அதிகாரி திடீர்னு வந்து பாத்தா என்ன ஆகறது? நான் ஒரு ஏற்பாடு பண்ணேன். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தோட அட்டையைக் கிழிச்சு அந்த மூணாம் வகுப்புப் புத்தகத்துக்கெல்லாம் மேலட்டை போட வச்சேன். நிர்வாகம்னா இதுதான் சார். அந்த டீச்சரோட பேரைக் காப்பாத்தினது நான்தான். ஆனா ஒரு நன்றி வரலையே.

பூபாலன் கிண்டல் பண்ணாரு, "டீச்சர், ஒன்பதாம் வாய்ப்பாட்டையெல்லாம் இப்ப ஆரம்பிச்சா பரீட்சை எப்ப எழுதறது? வரைபடம், வடிவியல் ரெண்டையும் மனப்பாடம் பண்ண வைங்க, பதினாறு மார்க்"னு. அது சிரிச்சுக்கிட்டே, "அதையும் பண்றேன் சார். ஆனா வகுக்கத் தெரியாமப் போச்சுன்னா, பாஸானாலும் கடைசி வரைக்கும் வேற யாரோதான் சார் இவங்களுக்கு வகுத்துக் குடுக்கணும்"னுச்சு. எப்படிப் பேச்சு பாருங்க.

டிசம்பர் வந்துச்சு. பேர்ப் பட்டியலை ரெண்டு நாள்ல அனுப்பணும். நான் யோசிச்சேன். ஏழும் வருது, படிக்குது, எல்லாம் சரி. ஆனா எழுத்துக் கூட்டிக்கிட்டிருந்தது மூணு மாசத்துல பாஸாகுமா? ரூமுக்குள்ள உக்காந்து, சிவப்புப் பேனாவை எடுத்துட்டேன். ஏழு கோடு போடணும். அவ்வளவுதான் வேலை.

அந்த நேரம் பாத்து வாசல்ல ஒரு குரல். "உள்ள வரலாமா சார்?"

நாகஜோதி. ஒல்லியா, கறுப்பா, சட்டை ரெண்டு சைஸ் பெருசு. "சலேத் டீச்சர் பட்டியல்ல என் பேரு சரியா இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க சார்."

வழக்கமே அதுதான் சார். ஒவ்வொரு பிள்ளையும் பேரு, பிறந்த தேதியெல்லாம் பாத்துக் கையெழுத்துப் போடணும். வேண்டாம்னு சொல்ல முடியாது. தாளைத் திருப்பிக் காட்டினேன். பேனாவை மூடல. பிள்ளை விரலை வச்சு மேல இருந்து ஒவ்வொரு பேரா வாசிச்சுக்கிட்டே வருது. வாய்க்குள்ளதான். எனக்குக் கேக்குது. அதோட பேருல வந்து விரல் நின்னுச்சு. திரும்ப வாசிச்சுச்சு. அப்புறம் பயந்துக்கிட்டே சொல்லுது, "சார், இது நாகஜொதின்னு இருக்கு சார்."

"என்னது?"

"ஜோதிக்கு ரெட்டைச்சுழிக் கொம்பு வரும்ல சார். இதுல ஒத்தைச்சுழி போட்டிருக்கு."

பாத்தேன். ஆமா சார். கிளார்க் தப்பா அடிச்சிருக்கான். ஜோவுக்குப் பதிலா ஜொ. பத்துப் பேர் பாத்த பட்டியல். நான் நாலு தடவை பாத்திருக்கேன். இருபத்தாறு வருஷம் குறிலும் நெடிலும் சொல்லிக் குடுத்தவன். ஆகஸ்ட் வரைக்கும் எழுத்துக் கூட்டிக்கிட்டிருந்த பிள்ளை என்கிட்ட பிழை காட்டுது.

தமிழ் வாத்தியார்கிட்ட பிழையைக் காட்டினா அவன் என்ன சார் பண்ணுவான்? திருத்துவான். சிவப்புப் பேனாலதான் திருத்தினேன். ஒத்தைச்சுழியை ரெட்டைச்சுழியாக்கி, பக்கத்துல சின்னக் கையெழுத்தும் போட்டேன். பிள்ளை, "நன்றி சார்"னு போயிருச்சு. அப்புறம்தான் உறைக்குது. கையெழுத்துப் போட்டுத் திருத்தின பேரை எப்படி அடிக்கறது? அதை விட்டுட்டு மிச்சம் ஆறை மட்டும் அடிச்சா, ஏன் இதை மட்டும் விட்டீங்கன்னு கேப்பாங்க. ஏழும் அப்படியே போயிருச்சு. இப்பவும் சொல்றேன், அது அந்த டீச்சர் வச்ச பொறி. நம்ம பலவீனம் இலக்கணம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

பரீட்சை வந்துச்சு. மையம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி டவுன் பள்ளிக்கூடத்துல. கணக்குப் பரீட்சை அன்னைக்கு ஒன்பது மணிக்கு எண்ணிப் பாக்கறேன், முப்பத்தஞ்சு. நாகஜோதியைக் காணோம். சலேத் டீச்சருக்கு அன்னைக்கு வேற ஊர்ல பரீட்சை டூட்டி. வராத பிள்ளையும் பெயில் கணக்குதான் சார். பூபாலனைப் போகச் சொன்னா, அவரு வண்டியில பெட்ரோல் இல்லையாம். அவரு வண்டியில என்னைக்குத்தான் இருந்துச்சு? நானே போனேன்.

மிளகாய்க் காட்டுல பழம் பறிச்சுக்கிட்டு இருக்கு பிள்ளை. அவங்கம்மா முந்தின நாள் கருவேல முள்ளை மிதிச்சு, காலு வீங்கி வீட்டுல படுத்திருக்கு. பழத்தை விட்டா வெயில்ல வதங்கிரும். இது விடியறதுக்கு முன்னாடியே வந்து பாதி காட்டை முடிச்சிருச்சு. என்னைப் பாத்ததும் அழுகுது. அழுதா கண்ணைத் துடைக்கணும். கையெல்லாம் மிளகாய். துடைக்கவும் முடியல. "துடைக்காத, துடைக்காத"ன்னு நான் கத்தறேன். பக்கத்து வீட்டுல மோர் வாங்கிக் கையில ஊத்தி, தேங்காயெண்ணெய் தடவி, வண்டியில ஏத்திக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் கையைக் காத்துல நீட்டிக்கிட்டே வருது, எரிச்சல் தாங்காம. பத்து இருபதுக்கு ஹால்ல விட்டேன். எண்ணெய்க் கையில பேனா நிக்காதுன்னு என் கைக்குட்டையைக் குடுத்தேன். நல்ல கைக்குட்டை சார். திரும்பி வரல.

எதுக்குச் சொல்றேன்னா, சதவீதத்துக்காக ஒரு எச்செம் என்னவெல்லாம் பண்ண வேண்டியிருக்கு பாருங்க.

மே மாசம் ரிசல்ட். முப்பத்தாறு எழுதி முப்பத்துநாலு பாஸ். தொண்ணூத்துநாலு புள்ளி நாலு. ரெண்டு பேர் சார். ரெண்டே ரெண்டு பேர்! நாகஜோதி கணக்குல முப்பத்தொண்ணு. நாலு மார்க்ல போச்சு. அந்த ஏழு பேரையும் டிசம்பர்லயே எடுத்திருந்தா எனக்கு நூறு. இந்த வயித்தெரிச்சலை யார்கிட்ட சொல்றது?

மிச்சம் ஆறா? அது பாஸாயிருச்சு. இல்லேன்னு சொல்லலையே.

இன்னொருத்தன் யாருன்னா, பிரவீண்ராஜ். அவன் அந்த ஏழுல இல்ல. பூபாலன் எழுதிக் குடுத்த இருபத்தொம்பதுல ஒருத்தன். அவருகிட்டயே டியூஷன் படிச்ச பையன். அவனும் கணக்குலதான். அவனுக்கு அன்னைக்குக் காய்ச்சல் இருந்திருக்கலாம். அது வேற விஷயம். அதை இதோட சேக்கக் கூடாது. நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்த ஏழு பேர் இல்லேன்னா நூறு.

பாராட்டு விழாவுல மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். பதினோரே பிள்ளைகளை எழுத வச்சு நூறு வாங்கினவரு கேடயத்தோட நிக்கிறாரு. நாப்பத்தெட்டும் மேடையில! அந்த மனுசன் எத்தனை வீட்டுக்குப் போன் பண்ணினாரோ. பெரிய அதிகாரி என்னைப் பத்தி ஒரு வரி சொன்னாரு, "ஒத்தப்பனையேந்தல் நல்ல முன்னேற்றம்"னு. உக்காந்தபடியே கும்பிட்டேன். அடுத்த நாளே சலேத் டீச்சரைப் பத்தி மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடுமையா இல்ல. "பள்ளி நிர்வாகத்தில் அளவுக்கு மீறித் தலையிடுகிறார்"னு ஒரே ஒரு வாக்கியம். பிழையில்லாத வாக்கியம். ஜூன்ல டீச்சரை வேற ஒன்றியத்துக்கு மாத்திட்டாங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்துச்சு. கடிதம் யார் எழுதினதுன்னு அதுக்குத் தெரியும். முகத்துல ஒண்ணும் காட்டல. துணைத் தேர்வு விண்ணப்பம் ரெண்டையும் என் மேசையில வச்சுச்சு. "பிரவீணுக்குப் பூபாலன் சார் சொல்லிக் குடுத்துருவாரு சார். நாகஜோதிக்கு ஆள் இல்ல. ஜூலை முதல் வாரம் பரீட்சை. நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் தமிழ் வாத்தியார் டீச்சர். எனக்கு என்ன கணக்குத் தெரியும்?"

"சதவீதம் தெரியும்ல சார்"னுச்சு. சிரிக்காமச் சொல்லுச்சு. ஸ்கூட்டியைக் கிளப்பிக்கிட்டுப் போயிருச்சு.

அந்த வார்த்தை ரெண்டு நாள் காதுலயே நின்னுச்சு சார். நானும் அந்தப் பிள்ளையுமா உக்காந்து கணக்குப் புத்தகத்தைப் பாத்தோம். எனக்குப் புரியாத இடத்துல அது சொல்லும். அதுக்குப் புரியாத இடத்துல ரெண்டு பேரும் பூபாலனுக்குப் போன் போடுவோம். ஜூலையில எழுதி ஐம்பத்தேழு மார்க். இப்ப டவுன்ல பதினொண்ணு படிக்குது. ஆனா துணைத் தேர்வு பாஸெல்லாம் பள்ளியோட சதவீதத்துல சேராது சார். எங்கயும் வராது. நான் ஒரு மாசம் மண்டையை உடைச்சதுக்கு எந்த அறிக்கையிலயும் ஒரு கட்டம் கிடையாது.

இந்த வருஷமா? முப்பத்தோரு பேர். அஞ்சு பேர் வர்றதில்ல. போன வாரம் அந்த அஞ்சு வீட்டுக்கும் நானே போய்ட்டு வந்தேன். எதுக்குன்னா, அலுவலகத்துல இருந்து மறுபடி யாரையாவது அனுப்பி, அவங்க கூட்டிட்டு வந்து பேர் வாங்கிடக் கூடாதுல்ல? நாலு பேர் வந்துட்டாங்க.

அஞ்சாவது வீட்டுலதான் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. அந்தம்மா முறத்தைக் கீழ வச்சுட்டு என்னையே பாக்குது. "இவ அக்காவுக்குப் போன வருஷம் ஜூன்ல டி.சி. குடுத்தாங்க சாரு. படிப்பு வராதுன்னு போன்ல சொன்னாங்க. அவ இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா"ங்குது. அந்தப் பிள்ளை ஜூன்லயே போயிட்டதால அந்த முப்பத்தாறுல கூட வராது. சலேத் டீச்சருக்கே அப்படி ஒரு பிள்ளை இருந்தது தெரியாது.

"போன்ல பேசின குரல் உங்க குரல் மாதிரியே இருக்கு சாரு"ன்னுச்சு அந்தம்மா.

என்ன சார் சொல்றது? "அது பழைய எச்செம்மா. ரொம்ப மோசமான ஆளு. மாத்தலாகிப் போயிட்டாரு. நான் புதுசா வந்திருக்கேன்"னுட்டேன்.

நம்பிருச்சு போல. திங்கக்கிழமையில இருந்து பிள்ளை வருது.